விண்ணப்பப் படிவத்தில் சொல்வதா, வேண்டாமா? பிரிட்டனில் சட்ட வேலை தேடும் நியூரோடைவர்ஜென்ட் பட்டதாரிகளுக்குச் சட்டம் தருவதும் தராததும்

லண்டனில் ஒரு சட்ட நிறுவனத்தில் சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி, ஆவணங்களைத் தயாரிக்கும் வழக்கறிஞர்) பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறவர், படிவத்தில் எங்கோ ஓரிடத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்: "நீங்கள் மாற்றுத்திறனாளியா?" ஆம், இல்லை, சொல்ல விரும்பவில்லை என்று மூன்று கட்டங்கள் இருக்கும். வேறொரு பக்கத்தில் இன்னொரு பெட்டி: "தேர்வுகளின்போது உங்களுக்கு மாற்று ஏற்பாடு ஏதேனும் தேவையா?"

ஆட்டிசமோ ஏடிஎச்டியோ டிஸ்லெக்ஸியாவோ உள்ள பட்டதாரி இங்கே திணறிப்போகிறார். நான் மாற்றுத்திறனாளியா என்ற சந்தேகம் முதலில். ஆம் என்றால் அங்கேயே கழித்துவிடுவார்களோ என்ற பயம் அடுத்து. இல்லை என்று போட்டுவிட்டால் பிறகு பொய் சொன்னதாக ஆகுமோ என்ற கவலை அதற்கும் அடுத்து. மூன்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. அது ஒரே பதில் அல்ல என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். "சொல்வது" என்று நாம் ஒற்றைச் சொல்லில் குறிப்பிடுவது நடைமுறையில் நான்கு தனித்தனிச் செயல்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் முடிவெடுப்பது எளிதாகும்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

மூளை தகவலை வாங்கும், அடுக்கும், கவனத்தைச் செலுத்தும் விதம் பெரும்பாலோரிடமிருந்து மாறுபட்டிருப்பவர்களை நியூரோடைவர்ஜென்ட் என்கிறார்கள். பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் ஆட்டிசம், கவனத்தைப் பாதிக்கும் ஏடிஎச்டி, எழுத்தையும் வாசிப்பையும் பாதிக்கும் டிஸ்லெக்ஸியா, உடல் ஒருங்கிணைப்பைப் பாதிக்கும் டிஸ்பிராக்ஸியா, தன்னையறியாமல் அசைவுகளும் ஒலிகளும் வரும் டூரெட் ஆகியவை இதில் அடங்கும். முன்பு ஆஸ்பெர்ஜர் என்று தனியாகக் கண்டறியப்பட்டதும் இன்று ஆட்டிசத்துக்குள்தான் வருகிறது.

இது அன்றாடப் பேச்சிலும் மனிதவளத் துறையிலும் புழங்கும் சொல். பிரிட்டனின் சமத்துவச் சட்டம் 2010-இல் இந்தச் சொல்லே கிடையாது. அந்தச் சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: நீங்கள் சட்டத்தின் கண்ணில் மாற்றுத்திறனாளியா?

சட்டத்தின் அளவுகோல்

ஆறாவது பிரிவு இதை வரையறுக்கிறது. உடல் அல்லது மனம் சார்ந்த ஒரு குறைபாடு இருக்க வேண்டும். அது அன்றாடச் செயல்களைக் கணிசமாகவும் நீண்டகாலமாகவும் பாதிக்க வேண்டும். "கணிசமாக" என்றதும் பெரிதாகத் தோன்றும். சட்டம் அதற்குச் சொல்லும் பொருள், அற்பமானதைவிடச் சற்று அதிகம் என்பதுதான். நீண்டகாலம் என்றால் 12 மாதங்கள். பிறந்ததிலிருந்து இருப்பதற்கு அதைப் பற்றிக் கேள்வியே இல்லை.

பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இங்கே உண்டு.

1. மருந்து எடுத்துக்கொள்வதால் நிலைமை சமாளிக்கக்கூடியதாக இருந்தால், மருந்து இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்றுதான் சட்டம் பார்க்கும். ஏடிஎச்டிக்கு மருந்து எடுப்பவர் "எனக்கு இப்போது பரவாயில்லை, நான் இதில் வரமாட்டேன்" என்று தானே ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

2. தேர்வு எழுதுவதும் அன்றாடச் செயல்தான். லண்டன் பெருநகரக் காவல்துறையில் டிஸ்லெக்ஸியா உள்ள ஓர் உயர் அதிகாரி தொடுத்த வழக்கில், வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2007-இல் இதை உறுதிசெய்தது. அவ்வளவு பெரிய பதவிக்கு வந்தவருக்கு என்ன குறை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நல்ல மதிப்பெண்ணுடன் சட்டம் படித்து முடித்த நியூரோடைவர்ஜென்ட் பட்டதாரிகளும் இதே கேள்வியை எதிர்கொள்கிறார்கள்.

மருத்துவச் சான்றிதழ் இருந்தால்தான் பாதுகாப்பு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தேசிய சுகாதாரச் சேவையில் பெரியவர்களுக்கான ஆட்டிச, ஏடிஎச்டி பரிசோதனைக்குப் பல பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும் நிலையில் இது பெரிய ஆறுதல். ஆனால் நடைமுறையில் காகிதம் கேட்பார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்தியாவிலிருந்து இந்தப் பாதைக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏடிஎச்டி தனியாக இல்லை. இடஒதுக்கீடு போன்ற பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்ற அளவும் உண்டு. பிரிட்டனில் அந்தப் பட்டியலும் கிடையாது, சதவீதமும் கிடையாது. சென்னையில் 40 சதவீதம் வரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் லண்டனில் முழுப் பாதுகாப்புக்கு உரியவராக இருக்கலாம்.

நிறுவனம் எதைக் கேட்கலாம்?

அறுபதாவது பிரிவு இந்தச் சட்டத்தின் மிக நல்ல பகுதிகளில் ஒன்று. வேலை தருவதாகச் சொல்லும்வரை விண்ணப்பதாரரின் உடல்நலம், மாற்றுத்திறன் பற்றி நிறுவனம் கேட்கக் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு: தேர்வு முறையில் மாற்று ஏற்பாடு தேவையா என்று அறிய, பன்முகத்தன்மைப் புள்ளிவிவரம் திரட்ட, மாற்றுத்திறனாளிகளை ஊக்குவிக்கும் திட்டங்களை நடத்த, அந்த வேலையின் அடிப்படையான செயலை ஒருவரால் செய்ய முடியுமா என்று அறிய.

கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டு, வந்த பதிலை வைத்து ஒருவரை ஒதுக்கியதாக வழக்கு வந்தால், தான் பாகுபாடு காட்டவில்லை என்று காட்டும் சுமை நிறுவனத்தின் தலையில் விழும்.

நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்களான பாரிஸ்டர்களில் பெரும்பாலோர் சுயதொழில் செய்பவர்கள் என்பதால் அவர்களுக்கு இது பொருந்தாது என்று நினைப்பவர்கள் உண்டு. பொருந்தும். பாரிஸ்டர் ஆவதற்கான ஓராண்டுப் பயிற்சியான பியூப்பிலேஜுக்கும் இந்தப் பாதுகாப்புகள் உண்டு.

தெரியாதவருக்குக் கடமை இல்லை

விஷயத்தின் மையம் இதுதான். விண்ணப்பதாரருக்கு நியாயமான மாற்று ஏற்பாடு செய்து தருவது நிறுவனத்தின் கடமை, செலவும் நிறுவனத்தினுடையது. ஆனால் விண்ணப்பதாரர் மாற்றுத்திறனாளி என்பதும், அந்தத் தேர்வு முறை அவரைப் பாதிக்கும் என்பதும் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய சூழல் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கடமையே எழாது.

அதாவது, சொல்லாமல் தேர்வை எழுதித் தோற்றுவிட்டு, "எனக்கு டிஸ்லெக்ஸியா இருந்தது, கூடுதல் நேரம் தந்திருக்க வேண்டும்" என்று பிறகு கேட்டால் சட்டம் பெரும்பாலும் கைகொடுக்காது. மௌனம் ரகசியத்தைக் காக்கும், உரிமையைக் காக்காது.

எவ்வளவு சொன்னால் போதும்? 2023-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்த ஒரு வழக்கு இதைத் தொட்டது. சட்டத் துறை சார்ந்தது அல்ல, பொறியியல் ஆலோசனை நிறுவனம் ஒன்று. டிஸ்பிராக்ஸியா உள்ள ஒருவர் இணையப் படிவத்துக்குப் பதிலாக வாய்மொழியாக விண்ணப்பிக்கக் கேட்டார். படிவத்தில் எது சிரமம் என்று விளக்கச் சொல்லி நிறுவனம் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பியது. எழுத்தில் விளக்குவதே அவருக்குச் சிரமம். ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொண்டிருக்கலாம் என்று கீழ்த் தீர்ப்பாயம் சொன்னது, மேல்முறையீட்டிலும் அந்தக் கருத்து நிலைத்தது. அவர் உண்மையாகவே அந்த வேலையை விரும்பி விண்ணப்பித்தாரா என்ற தனிக் கேள்வி மட்டும் மறு விசாரணைக்குத் திரும்பியது.

ஆக, எல்லாவற்றையும் கச்சிதமாக எழுதிக் கொடுத்தால்தான் உரிமை என்றில்லை. ஆனால் கதவை ஒருமுறையாவது தட்டியிருக்க வேண்டும்.

22-க்கு 12: சட்ட உலகையே தொட்ட தீர்ப்பு

சட்டத் தொழிலுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. எதிர்த்தரப்பு, பிரிட்டிஷ் அரசுக்கே வழக்கறிஞர்களைத் தரும் அரசு சட்டச் சேவை.

2015-இல் ஆஸ்பெர்ஜர் உள்ள ஒரு பெண் அங்கே பயிற்சி வழக்கறிஞர் வேலைக்கு விண்ணப்பித்தார். முதல் கட்டம் இணையவழிச் சூழல் தீர்மானத் தேர்வு. ஒரு சூழலைக் கொடுத்து, என்ன செய்வீர்கள் என்று கேட்டு, சில விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறை. இந்த வகைக் கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

"நாளைக் காலைக்குள் ஓர் அறிக்கை வேண்டும் என்கிறார் உங்கள் மேலதிகாரி. அந்த நேரத்தில் பக்கத்துப் பிரிவிலிருந்து அவசர உதவி கேட்டு அழைப்பு வருகிறது. என்ன செய்வீர்கள்? அ) உதவிவிட்டு அறிக்கையை இரவில் முடிப்பேன். ஆ) மேலதிகாரியிடம் கேட்பேன். இ) வேறொருவரைக் கைகாட்டுவேன். ஈ) நாளை உதவுவதாகச் சொல்வேன்."

பெரும்பாலோர் மேலோட்டமாகப் படித்து, கேட்பவர் எதிர்பார்ப்பது இதுவாக இருக்கும் என்று ஊகித்து ஒன்றைத் தொட்டுவிடுவார்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த ஊகம்தான் கடினம். அறிக்கை எத்தனை பக்கம்? என்ன அவசரம்? மேலதிகாரி இப்போது அறையில் இருக்கிறாரா? இவை தெரியாமல் எப்படித் தீர்மானிப்பது? ஒரு நல்ல வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் கேட்கும் அதே கேள்விகள் இவை என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பெண் தேர்வுக்கு முன்பே கேட்டார்: கட்டத்தில் குறியிடுவதற்குப் பதிலாக விடைகளைச் சில வரிகளில் எழுதலாமா? மாற்று வடிவம் இல்லை என்று பதில் வந்தது. தேர்வை எழுதினார். 22-க்கு 12 எடுத்தார். தேர்ச்சிக்குத் தேவை 14.

வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மூன்று அடிப்படைகளில்:

1. எல்லோருக்கும் ஒரே விதி என்று வைத்தாலும் அது ஆஸ்பெர்ஜர் உள்ளவர்களைக் குறிப்பாகப் பாதிக்கிறது. இது மறைமுகப் பாகுபாடு.
2. நியாயமான மாற்று ஏற்பாடு செய்து தரத் தவறியது.
3. அவருடைய நிலையிலிருந்து எழுந்த ஒரு விளைவுக்காக அவரைப் பாதகமாக நடத்தியது.

நல்ல தீர்மானம் எடுக்கும் திறனைச் சோதிப்பது நியாயமான நோக்கம்தான் என்று தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. அதை அளக்க அந்த ஒரே வடிவம்தான் வழி என்பதை ஏற்கவில்லை. மருத்துவச் சான்றுகள் முழுத் தெளிவாக இல்லை என்பதும் வாதமாக வந்தது. திறமையுள்ள ஒருவர் இரண்டு மதிப்பெண்ணில் தவறியதற்கு வேறு நல்ல காரணம் யாராலும் காட்ட முடியவில்லையே என்றது தீர்ப்பாயம். அரசு சட்டச் சேவை மேல்முறையீடு செய்தது, 2017 மார்ச்சில் அதுவும் தள்ளுபடியானது.

இழப்பீடு 860 பவுண்டு. எழுத்தில் மன்னிப்புக் கேட்கவும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேர்வு நடைமுறையை மறுபரிசீலனை செய்யவும் பரிந்துரை. தொகை சிறியது என்பதை மறைப்பதற்கில்லை. என்றாலும் அவர் வென்றதற்கு அடித்தளம், தேர்வுக்கு முன்னால் எழுதிய அந்த வேண்டுகோள். அது இல்லையென்றால் வழக்கை நடத்துவதே பெரும் பாடாகியிருக்கும்.

நான்கு பெட்டிகள், வெவ்வேறு வாசகர்கள்

"சொல்வது" நான்கு செயல்கள் என்றேனே, அவை இவை.

1. பன்முகத்தன்மைக் கணக்கெடுப்பு. புள்ளிவிவரத்துக்கானது, விண்ணப்பத்திலிருந்து பிரித்து வைக்கப்பட வேண்டியது. இதில் ஆம் என்று போட்டதால் நிறுவனத்திடம் "சொல்லிவிட்டேன்" என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. தேர்வு நடத்துபவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

2. மாற்று ஏற்பாட்டுப் பெட்டி. கடமையை எழுப்புவது இதுதான்.

3. உறுதியளிக்கப்பட்ட நேர்காணல். "டிசபிலிட்டி கான்ஃபிடன்ட்" என்ற அரசுத் திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்கள், குறைந்தபட்சத் தகுதி உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு நேர்காணல் வாய்ப்புத் தர முன்வருகின்றன. அதைப் பெற நீங்களே ஆம் என்று சொல்லியாக வேண்டும். மற்ற விண்ணப்பதாரர்கள் இதைப் பாகுபாடு என்று எதிர்க்க முடியாது, சட்டமே இதை அனுமதிக்கிறது.

4. முகப்புக் கடிதத்திலும் நேர்காணலிலும் சொல்வது. இது உரிமை சார்ந்தது அல்ல, முழுக்க உங்கள் விருப்பம். ஆட்டிச மாணவர்களுக்கான அமைப்பை நடத்தினேன் என்பது உங்கள் வலுவான அனுபவம் என்றால் அதை மறைத்துக் கடிதம் எழுதுவது உங்களுக்குத்தான் நஷ்டம். அப்படி எதுவும் இல்லை என்றால் இங்கே சொல்ல எந்தக் கட்டாயமும் இல்லை.

என் கருத்தில், பெரும்பாலோருக்கு இரண்டாவது பெட்டி தவிர்க்கக் கூடாதது. மற்ற மூன்றும் ஆளைப் பொறுத்தது.

பெட்டியில் என்ன எழுதுவது?

"எனக்கு ஏடிஎச்டி உள்ளது" என்று மட்டும் எழுதினால் படிக்கும் மனிதவள ஊழியருக்கு என்ன செய்வதென்று தெரியாது. அவர் தனக்குத் தெரிந்த ஒரே பதிலைத் தருவார்: 25 சதவீதம் கூடுதல் நேரம். அது உங்களுக்கு உதவாமலே போகலாம். பெயரைவிடத் தேவையை எழுதுவது நல்லது. மாதிரிக்கு:

"எனக்கு ஆட்டிசம் உள்ளது. ஒரே நேரத்தில் பலர் பேசும்போது பேச்சைப் பிரித்துக் கேட்பது சிரமம். குழுப் பயிற்சியைச் சத்தம் குறைந்த அறையில் நடத்தவும், நேர்காணல் கேள்விகளை அரை மணி நேரம் முன்னதாக எழுத்தில் தரவும் கேட்டுக்கொள்கிறேன். நாளின் நிகழ்ச்சி நிரலும் நேர்காணல் செய்பவர்களின் பெயர்களும் முன்கூட்டியே கிடைத்தால் உதவும்."

நான்கு வாக்கியங்கள். காரணம், சிரமம், தீர்வு மூன்றும் இருக்கின்றன, குழந்தைப்பருவ வரலாறு இல்லை.

எந்தக் கட்டம் இடறும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் வாட்சன் கிளேசர் என்ற தர்க்கத் தேர்வை வைக்கின்றன. வழக்கமான வடிவத்தில் 30 நிமிடத்தில் 40 கேள்விகள். டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கு அங்கே நேரம்தான் பிரச்சினை. திரையைப் பார்த்துத் தனியாகப் பேசிப் பதிவுசெய்யும் வீடியோ நேர்காணல் வேறொருவருக்குப் பிரச்சினை. அப்புறம், விண்ணப்பதாரர்களை நேரில் அழைத்துச் சோதிக்கும் மதிப்பீட்டு நாளின் மதிய உணவு. கையில் தட்டோடு நின்றபடி, மூத்த வழக்கறிஞர்கள் வந்துவந்து பேச, சுற்றிலும் இரைச்சல். மதிப்பெண் இல்லை என்று அறிவித்திருப்பார்கள், ஆனால் அங்கே உருவாகும் அபிப்பிராயம் மாலை முடிவெடுக்கும் அறைக்குள் கூடவே போகும். பத்து நிமிடம் தனியாக உட்கார ஓர் இடம் கேட்பதும் மாற்று ஏற்பாடுதான்.

சொலிசிட்டர் தகுதித் தேர்வு தனிக் கதை

2021 செப்டம்பரில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் வந்த சொலிசிட்டர் தகுதித் தேர்வை கப்லான் நிறுவனம் நடத்துகிறது. வெளிநாட்டு வழக்கறிஞர்களும் எழுதலாம் என்பதால் இந்தியா, இலங்கையிலிருந்து வருகிறவர்களும் இதில் இருக்கிறார்கள். மாற்று ஏற்பாடுகள் உண்டு, ஆனால் இங்கே நிபுணரின் சான்று கேட்பார்கள். சான்றிதழ் தேவையில்லை என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் காகிதம் கேட்பார்கள் என்றேனே, அது இந்த இடம். தேர்வுக்குப் பல மாதம் முன்பே தொடங்குவது அவசியம்.

முதல் கட்டத் தேர்வு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 180 கேள்விகள். 90 கேள்விகள் கொண்ட இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 2 மணி 33 நிமிடம். 25 சதவீதம் கூடுதல் நேரம் சேர்த்தால் ஒரு நாளில் திரைமுன் இருக்கும் நேரம் சுமார் 6 மணி 20 நிமிடம். மெதுவாக வாசிப்பவருக்கு அது வரம். கவனம் சிதறும் ஏடிஎச்டி உள்ளவருக்குக் கூடுதல் நேரத்தைவிட இடைவேளைகள் அதிகம் உதவக்கூடும். எல்லோரும் கேட்பதையே கேட்காமல், உங்களுக்கு எது தேவை என்று யோசித்துக் கேட்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பயம் வீண் அல்ல

சட்டம் இவ்வளவு இருந்தும் ஏன் பலர் வாய் திறப்பதில்லை? சட்டத் தொழிலில் உள்ள மாற்றுத்திறனாளிகளைப் பற்றி கார்டிஃப் பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, விண்ணப்பிக்கும் கட்டத்தில் தங்கள் நிலையை மறைத்தவர்கள் ஏராளம் என்று காட்டியது. முன்னாள் நீதித்துறை அமைச்சரும் பாரிஸ்டருமான ராபர்ட் பக்லண்ட் தலைமையில் 2024 பிப்ரவரியில் வந்த அரசு அறிக்கையின்படி, வேலை செய்யும் வயதில் உள்ள ஆட்டிசம் கொண்டவர்களில் 10 பேருக்கு 3 பேர்தான் வேலையில் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் அனைவரையும் எடுத்தால் 10-க்கு 5, மற்றவர்களில் 10-க்கு 8.

பிரிட்டனில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் வீட்டுக்குள்ளும் ஓர் அழுத்தம் உண்டு. "வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது என்ன சொல்வது" என்கிற பயம் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளை நல்ல மார்க் எடுக்கிறதே என்று பரிசோதனைக்கே கூட்டிப்போகாமல் விடுகிற பெற்றோரும் இருக்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் சட்டப் படிப்பு முடித்து முதல் விண்ணப்பத்தின்முன் உட்காரும் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு காகிதமும் இருக்காது, இதைப் பற்றிப் பேசிப் பழக்கமும் இருக்காது. பெற்றோருக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: விண்ணப்பத்தில் கேட்கும் மாற்று ஏற்பாடு ஊருக்குப் போடும் அறிவிப்பு அல்ல. அது தேர்வை நடத்துகிறவர்களின் பயன்பாட்டுக்கான தனிப்பட்ட தகவல், தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும்.

மௌனமும் பொய்யும்

இது சட்டத் தொழிலுக்கே உரிய கேள்வி. சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையம், தொழிலுக்குள் வருகிறவரின் நேர்மையையும் பார்க்கிறது. அப்படியானால் சொல்லாமல் விடுவது நேர்மைக் குறைவா? இல்லை. விண்ணப்பதாரர் தானாக முன்வந்து சொல்ல வேண்டும் என்ற கடமை சமத்துவச் சட்டத்தில் கிடையாது. "சொல்ல விரும்பவில்லை" என்ற கட்டம் இருப்பதே அதற்காகத்தான். ஆனால் நேரடிக் கேள்விக்குத் தெரிந்தே "இல்லை" என்று எழுதுவது வேறு. அதைத் தவிர்ப்பது நல்லது. வேலை உறுதியான பிறகு வரும் உடல்நலப் படிவத்துக்கு அறுபதாவது பிரிவின் தடை இல்லை என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

மறுத்துவிட்டால்?

வேண்டுகோளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால் அன்றே "நாம் பேசியபடி" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வேறு ஏற்பாடு சொன்னால் அது ஏன் போதாது என்று இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். பெரும்பாலான விவகாரங்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும், தேர்வுத் தேதி தள்ளிப்போகும் அல்லது வடிவம் மாறும்.

தீரவில்லை என்றால் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதற்கு முன் ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் பதிவு செய்தாக வேண்டும், கட்டணம் இல்லை. நேரடியாக வழக்குப் போட்டால் ஏற்கமாட்டார்கள். காலக்கெடு குறுகியது, நிராகரிப்புக் கடிதம் வந்த வாரத்திலேயே நாளைக் குறித்துக்கொண்டு ஏகாஸை அணுகுவது பாதுகாப்பு. நிறுவனத்துக்குள் புகார் கொடுத்துவிட்டு அதன் பதிலுக்காகக் காத்திருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது.